மடங்கும் மில்லியனும்: ஆங்கிலப் பெருக்கத் தொகைச் சொற்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எண்கள் எல்லா நாட்டிலும் ஒன்றே. எண்களைக் குறிக்கும் சொற்கள் அவ்வாறல்ல. இரண்டும் இரண்டும் நான்கு என்பதில் எம்மொழியாரும் முரண்படார். எனினும் 'நூறு' என்று ஒருவர் கூறுமிடத்து அது எத்தனை என்பதில் முரண்பட்ட வணிகர் உளர். 'பில்லியன்' என்ற ஒரே சொல்லைக் கொண்டு ஆயிரம் மடங்கு வேறுபட்ட இரு தொகைகளைக் குறித்த நாடுகளும் உள. எனவே தொகைச் சொற்களின் வரலாறு கணிதத்தின் வரலாறு மட்டுமன்று. கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த மக்களின் வரலாறுமாகும்.

இவ்வுண்மையைக் காண்பதற்கு இலண்டன் மாநகரின் சந்தைக்குச் செல்ல வேண்டியதில்லை. வன்னிப் பெருநிலத்திலுள்ள புளியங்குளச் சந்தியே போதுமானது. கண்டி - யாழ்ப்பாண நெடுஞ்சாலையிலே, வவுனியாவுக்கு வடக்கே, நெடுங்கேணி ஊடாக முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதி பிரியும் இடத்தில் அமைந்துள்ள இவ்வூர், குளமும் வயலும் புகையிரத நிலையமும் கடைத்தெருவும் கொண்டது. 1990இல் புகையிரதம் நின்றது. 1997இல் கடும் போர் நிகழ்ந்தது. இடம்பெயர்ந்த மக்கள் 2009க்குப் பின் மீண்டனர். 2013இல் புகையிரதமும் கிளிநொச்சி வரை மீண்டது. இத்துணை மாற்றங்களின் பின்னரும் இவ்வூரார் நாவில் நிலைத்திருக்கும் தொகைச் சொற்கள் பல. நெல்லைப் புசலிலும் உரத்தை அந்தரிலும் சவர்க்காரத்தை டசினிலும் தூரத்தைக் கட்டையிலும் கூறுவது வன்னியின் வழக்கு. அரசின் திட்டங்களோ மில்லியனிலும் பில்லியனிலும் அறிவிக்கப்படுகின்றன. விளைச்சலைப் பற்றிப் பேசும்போது மட்டும் பழந்தமிழ் 'மடங்கு' தவறாது வருகிறது. இச்சொற்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் வழி வந்தவை. அவை எவ்வாறு பிறந்தன, எவ்வாறு பொருள் மாறின, அம்மாற்றத்தால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை நோக்குவது பயனுடைத்து.

மடிப்பும் மடங்கும்

பெருக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் மிகப் பழையது 'ஃபோல்ட்' என்னும் ஈறாகும். 'டூஃபோல்ட்', 'டென்ஃபோல்ட்' என்பனவற்றில் வரும் இவ்வீறு பழைய ஆங்கிலத்துக்கே உரியது. மடிப்பு என்பதே அதன் பொருள். ஒரு துணியை ஒரு முறை மடித்தால் இரண்டு படைகள் தோன்றும். இக்காட்சியே எண்ணின் பெருக்கத்துக்கு உவமையாயிற்று.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசும் நீதிமன்றமும் பிரெஞ்சு மொழிச் சார்பாயின. அம்மொழி வழியே 'டபிள்' புகுந்தது. இதன் மூலம் இலத்தீன் 'டூப்ளுஸ்'. 'டூ' என்பது இரண்டு, 'ப்ளுஸ்' என்பது மடிப்பைக் குறிக்கும் வேரின் வழி வந்தது. 'ட்ரெபிள்', 'ட்ரிப்பிள்' என்னும் இரு சொற்களும் 'ட்ரிப்ளுஸ்' என்ற ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். முன்னது பழம் பிரெஞ்சில் திரிந்து முந்தி வந்தது. பின்னது இலத்தீன் வடிவை ஒட்டிப் பிந்தி வந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டும் ஒரே மொழியில் குடியேறி, மூன்று மடங்கு என்ற ஒரே பொருளைத் தாங்கி நிற்பது சொல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 'மல்டிப்ளை' என்னும் பெருக்கற் சொல்லும் பல மடிப்பாக்குதல் என்ற பொருளையே அடியாகக் கொண்டது.

இனித் தமிழை நோக்குவோம். 'மடங்கு' என்பது வளைதல், மடிதல் என்னும் பொருளுடைய மடங்குதல் என்ற வினையின் வழிப்பட்டது. 'இருமடி', 'மும்மடி' என்பனவும் அவ்வாறே. தமிழும் ஆங்கிலமும் ஒரு குடும்பத்து மொழிகள் அல்ல. ஒன்றை ஒன்று அறியாத காலத்திலேயே இரண்டும் மடிப்பிலிருந்து பெருக்கத்தைக் கண்டன. வடமொழியோ வேறொரு காட்சியைக் கொண்டது. 'குணம்' என்பதற்குக் கயிற்றின் புரி என்பதும் ஒரு பொருள். இரு புரியுடையது இரு மடங்கு. பெருக்கலைக் குறிக்கும் 'குணித்தல்', இன்றைய பாடநூல்களில் வரும் 'குணகம்' ஆகியன இவ்வழி வந்தவை. துணி மடித்தவனும் கயிறு திரித்தவனுமே கணிதத்துக்குச் சொல் வழங்கினர் எனின் அது மிகையாகாது. மாணவர் இன்று பயிலும் 'மடக்கை' என்ற கலைச்சொல்லிலும் அப்பழைய மடிப்பே மறைந்து நிற்கிறது.

விதைத்த நெல்லுக்கு எத்தனை மடங்கு விளைந்தது என்று கேட்பது உழவரின் பழைய முறை. இம்முறையில் ஒரு நன்மை உண்டு. மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபடினும், விதைத்ததையும் விளைந்ததையும் ஒரே மரக்காலால் அளந்தால் மடங்கு மாறாது. மடங்கு என்பது அளவையன்று. இரு அளவுகளுக்கிடையே உள்ள உறவு. அதனாலேயே அது ஏமாற்றுக்கு எளிதில் இடங்கொடாதது. இவ்வேறுபாடு பின்வருவனவற்றுக்கு அடிப்படையாதலின் மனங்கொள்ளத்தக்கது.

வெட்டுக் குறியும் டசினும்

உறவைக் குறிக்கும் சொற்களின் வேறாக, ஒரு குறித்த கூட்டத்தைக் குறிக்கும் தொகைச் சொற்கள் உள. 'ஸ்கோர்' என்பது இருபது. இது வட ஐரோப்பியரான நோர்ஸ் மக்களின் மொழியிலிருந்து வந்தது. வெட்டுக் குறி என்பது அதன் முதற்பொருள். எண்ணிக்கை இருபதை எட்டுந்தோறும் கோலில் ஒரு வெட்டு இடும் வழக்கிலிருந்து, வெட்டின் பெயரே இருபதின் பெயராயிற்று என்பர். 1863இல் கெற்றிஸ்பேர்க்கில் உரையாற்றிய ஆபிரகாம் லிங்கன், 1776 முதல் கழிந்த 87 ஆண்டுகளை நான்கு இருபதும் ஏழும் என்றே கணக்கிட்டார். விளையாட்டில் இன்று நாம் கூறும் 'ஸ்கோர்' அவ்வெட்டுக் குறியின் மறுபிறப்பே.

இங்கிலாந்தின் அரச திறைசேரியிலும் இவ்வெட்டுக் கோல்கள் வழங்கின. ஆயிரம் பவுணுக்கு உள்ளங்கை அகலமும் நூறு பவுணுக்குப் பெருவிரல் அகலமும் இருபது பவுணுக்குச் சிறுவிரல் அகலமும் வெட்டப்பட்டன. பின் கோல் நெடுக்காகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி கொடுத்தவனிடமும் மறு பாதி பெற்றவனிடமும் இருந்தன. இரண்டையும் பொருத்தினால் வெட்டுகள் ஒத்திருத்தல் வேண்டும். எழுத்தறியாதவனும் தன் கணக்கைத் தன் கையில் வைத்திருந்தான் என்பதே இம்முறையின் சிறப்பு. 1826இல் இம்முறை ஒழிந்தது. எஞ்சிய கோல்களை 1834இல் எரித்தபோது மூண்ட தீயே பிரித்தானியப் பாராளுமன்றக் கட்டடத்தை அழித்தது.

'டசின்' பன்னிரண்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. பன்னிரண்டை இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஆறாகவும் மிச்சமின்றிப் பகுக்கலாம். பத்துக்கு அவ்வசதி இல்லை. சில்லறை வணிகர் அதனை விரும்பியமைக்கு இதுவே காரணம். பன்னிரு பன்னிரண்டு 144, அது 'குறோஸ்'. பெரிய டசின் என்னும் பிரெஞ்சுத் தொடரில் 'பெரிய' என்ற அடை மட்டும் எஞ்சி நின்ற சொல் இது. தமிழில் இவற்றுக்கு ஈடாகப் பன்னிரண்டைத் தொகுக்கும் பழஞ்சொல் வழக்கில் இல்லாமையின், கடைப்பொருளோடு சொல்லும் கடல் கடந்து வந்தது. எனினும் கூட்டமாக எண்ணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. வெற்றிலையைக் கவுளியாக எண்ணுதல் அறிந்ததே. கவுளிக்கு எத்தனை வெற்றிலை என்பதோ இடத்துக்கிடம் வேறுபட்டது.

அவ்வாறே டசினும் எங்கும் பன்னிரண்டாய் இருந்ததில்லை. வெதுப்பகத்தாரின் டசின் என ஆங்கிலத்தில் வழங்குவது பதின்மூன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்துச் சட்டம், எடை குறைந்த பாண் விற்றோரைத் தண்டித்தது. அத்தண்டனைக்கு அஞ்சியோர் பன்னிரண்டுக்கு ஒன்று கூட்டிக் கொடுத்தனர் என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம். சட்டத்தின் காவல் இருந்தவிடத்துத் தொகை வாங்குவோன் பக்கம் சாய்ந்தது. சட்டத்தின் காவல் இல்லாதவிடத்து அது எப்பக்கம் சாயும் என்பது கூறாமலே விளங்கும்.

நூறு எனப்படுவது எத்தனை?

'ஹண்ட்ரட்' எனும் சொல்லின் பின்பாதி எண்ணுதல், கணக்கு என்னும் பொருளது. இன்று அதனை 100 எனக் கொள்வதில் ஐயமில்லை. ஆனால் பழைய ஜெர்மானிய மக்களிடையே அது 120ஐயும் குறித்தது. ஆறு இருபதுகள் கொண்ட இந்நூறு 'பெருநூறு' எனப்பட்டது. மீன் முதலிய பண்டங்களின் வணிகத்தில் அது நெடுங்காலம் நிலைத்தது. ஒரே சந்தையில் ஒரே சொல் பண்டத்துக்கேற்ப இரு தொகைகளைக் குறித்தது.

'ஹண்ட்ரட்வெயிற்' என்னும் நிறையின் கதையும் இதுவே. பெயர் நூற்றெடை, நிறையோ 112 இறாத்தல். 14 இறாத்தல் கொண்ட 'கல்' என்னும் அலகு எட்டுச் சேர்ந்து இந்நிறை ஆயிற்று. இருபது ஹண்ட்ரட்வெயிற் ஒரு தொன். ஆகவே பிரித்தானியத் தொன் 2,240 இறாத்தல். அமெரிக்கரோ நூறு என்றால் நூறே எனக் கொண்டு, 2,000 இறாத்தலைத் தொன் என்றனர்.

இந்த 112 இறாத்தலே ஈழத் தமிழில் 'அந்தர்' ஆயிற்று. நூறைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சிதைவாகவே இதனைக் கொள்ளுதல் பொருந்தும். பிரித்தானியர் ஆட்சியில் துறைமுகமும் தோட்டமும் கடையும் இவ்வலகால் நிறுத்தன. நூறு என்னும் பெயரும் 112 என்னும் நிறையும் வேறுபட்டமை, 'அந்தர்' என்ற தமிழ் வடிவத்தில் எவர் கண்ணுக்கும் தெரியாதவாறு மறைந்துவிட்டது. பின்னர் மெற்றிக் முறை வந்தது. 112 இறாத்தல் ஏறத்தாழ 50.8 கிலோ கிராம். இன்று 50 கிலோ கிராம் உர மூடையும் பேச்சில் 'அந்தர்' எனப்படுகிறது. நூறில் பிறந்து, 112இல் வளர்ந்து, 50இல் இளைப்பாறும் இச்சொல், தொகைச் சொற்கள் தம் தொகையைக் காட்டிலும் நீண்ட ஆயுளுடையன என்பதற்குச் சிறந்த சான்று.

புசலும் அத்தகையதே. எட்டுக் கலன் கொள்ளும் முகத்தலளவை, இலங்கையில் நெல்லைப் பொறுத்தவரை 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 20.9 கிலோ கிராம் எனக் கொள்ளப்பட்டது. நெல்லுக்கான உத்தரவாத விலை நீண்ட காலம் புசலுக்கு இத்தனை ரூபா எனவே அறிவிக்கப்பட்டது. முகந்து அளப்பதும் நிறுத்து அளப்பதும் ஒன்றல்ல. ஈரநெல்லும் உலர்நெல்லும் ஒரே புசலில் ஒரே நிறை தருவதில்லை. எனவே புசலை முகப்பதா நிறுப்பதா என்பது விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே வெறும் சொல்லாராய்ச்சியாய் இருந்திருக்க முடியாது.

வன்னியின் வேளாண் வழக்கங்களை ஜே. பி. லூயிஸ் தமது வன்னி மாவட்டக் கையேட்டில் 1895இல் பதிவு செய்தார். களத்துக்கெனத் தனிச் சொற்களை வழங்கும் மரபு தமிழ் உழவரிடம் உண்டு. நெல்லைப் 'பொலி' என்பதும், அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்னாது 'இலாபம்' எனத் தொடங்குவதும் அம்மரபின. எண்ணத் தொடங்கும் நொடியிலேயே எண்ணின் பெயரை மாற்றிப் பெருக்கத்தை வேண்டி நிற்கும் இவ்வழக்கு, தொகை என்பது உழவனுக்கு வெறும் எண்ணாக என்றும் இருந்ததில்லை என்பதைக் காட்டுகிறது.

இரு மடங்கு என்னும் எல்லை

பெருக்கச் சொல் சட்டத்தில் புகும்போது அதன் பொருள் மேலும் கூர்மையடைகிறது. 'டூப்ளும்', அதாவது இரு மடங்கு, றோமர் சட்டத்தில் கடனின் எல்லையாக நின்றது. சேர்ந்து நிலுவையான வட்டி முதலை விஞ்சலாகாது. முதலும் வட்டியும் சேர்ந்து இரு மடங்கைத் தாண்டலாகாது. மனுநூலும் பணக்கடனுக்கு இரு மடங்கையே எல்லையாக வகுத்தது. தானியக் கடனுக்கோ ஐந்து மடங்கு வரை இடமளித்தது. பணம் கொண்டவனிலும் நெல் கொண்டவன் கூடுதலாக இறுக்க வேண்டியிருந்தான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. றோமர் விதி ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்து, பிரித்தானியர் காலத்து 1852ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது. மீட்கப்படும் வட்டி எவ்விடத்தும் முதலுக்கு மேற்படலாகாது என அது வரையறுத்தது.

இவ்விதி இரு மடங்கு என்ற சொல்லின் தெளிவில் தங்கியுள்ளது. 2009க்குப் பின் வட மாகாணத்தில் நுண்கடன் பெருகியது. அதனாற் பெண்கள் பட்ட துன்பம் நாடறிந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு 2018இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. வாரத் தவணையாக இறுக்கும் ஒருத்தி, தான் இதுவரை கட்டியது பெற்றதன் எத்தனை மடங்கு என்று அறிந்திருத்தல் வேண்டும். திறைசேரிக் கோலின் பாதியைக் கையில் வைத்திருந்த பழைய ஆங்கிலேயக் குடியானவனுக்கு இருந்த பாதுகாப்பு அதுவே.

மில்லியனும் பில்லியனும்

இலத்தீனில் 'மில்லே' என்பது ஆயிரம். றோமர் ஆயிரம் இரட்டைக் காலடிகளை அளந்து வைத்த தூரமே 'மைல்'. வன்னியின் 'கட்டை' அம்மைலைக் குறித்ததே. ஆயிரத்தைப் 'பேராயிரம்' என்றாற்போல் இத்தாலிய வணிகர் பெருக்கிக் கூறியது 'மில்லியோனே'. அதுவே மில்லியன், ஆயிரத்தின் ஆயிரம் மடங்கு.

1484இல் நிக்கொலா சூக்கே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் தமது கைப்பிரதியில் பில்லியன், ட்ரில்லியன் முதலிய பெயர்களை வரிசைப்படுத்தினார். அவர் வழக்கில் பில்லியன் என்பது மில்லியனின் மில்லியன் மடங்கு. 1இன் பின் 12 பூச்சியங்கள். பின்னர் பிரெஞ்சுக் கணித நூலார் சிலர் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும் முறையைத் தழுவி, ஆயிரம் மில்லியனையே பில்லியன் என்றனர். அமெரிக்கா அதனைப் பின்பற்றியது. பிரித்தானியா பழைய பொருளையே பேணியது. பிரான்சோ 1961இல் சட்டப்படி பழைய பொருளுக்கு மீண்டது. பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் வில்சன் 1974 டிசெம்பரில், அரசின் புள்ளிவிவரங்களில் பில்லியன் என்பது ஆயிரம் மில்லியனையே குறிக்கும் எனப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். ஒரு நாள் அறிவிப்பால் ஒரு சொல்லின் பெறுமதி ஆயிரத்திலொன்றாகச் சுருங்கியது. அதற்கு முந்திய ஆங்கில நூல்களைப் படிக்கும் வரலாற்று மாணவர் இதனை மறத்தலாகாது.

பேரெண்களுக்குத் தமிழ் வறுமையுற்ற மொழியன்று. ஆம்பல், தாமரை, வெள்ளம் என்பன பேரெண்களின் பெயராக வழங்கியதை உரையாசிரியர்கள் தொல்காப்பிய உரையில் எடுத்துக் காட்டுவர். நடைமுறையில் நிலைத்தவை இலட்சமும் கோடியும். இவை நூறு மடங்கால் ஏறுவன. ஆங்கில முறை ஆயிரம் மடங்கால் ஏறுவது. பத்து இலட்சம் ஒரு மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். ஓர் இலட்சம் கோடி ஒரு ட்ரில்லியன். தமிழகத்தில் இலட்சமும் கோடியுமே ஆட்சியிலும் நிலைத்தன. இலங்கையில் அரசும் பத்திரிகையும் மில்லியனைத் தழுவ, கடைத்தெரு இலட்சத்தையே பேசுகிறது. ஆதலின் ஒரு குளத்தைத் திருத்தப் 'பத்து மில்லியன் ரூபா' ஒதுக்கப்பட்டது என்று வாசிப்போருள், அது ஒரு கோடி என்று உடனே உணர்வோர் சிலரே. ஒதுக்கப்பட்ட தொகையை மனத்தில் உருவகிக்க இயலாதவனால் செலவான தொகையைக் கேள்வி கேட்க இயலாது.

'ஆக' என்னும் ஈரெழுத்து

இறுதியாக, உறுதியானது என மேலே கொள்ளப்பட்ட மடங்கிலும் ஒரு குழப்பம் புகுந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் மூன்று மடங்கு 'கூடுதல்' என்றால் மூன்று மடங்கா, நான்கு மடங்கா என்பது நெடுநாளைய வழக்கு. ஒரு மூடை உரம் 1,000 ரூபா விற்றது எனக் கொள்வோம். விலை 'மூன்று மடங்காயிற்று' எனின் அது 3,000 ரூபா, இதில் ஐயமில்லை. 'மூன்று மடங்கு கூடிற்று' எனின் 3,000 என்பாரும் 4,000 என்பாரும் உளர். 'இருநூறு வீதம் அதிகரித்தது' எனின் 3,000 என்பதே கணக்கு. ஆயினும் அதனை இரு மடங்கு எனப் பிழைபட மொழிபெயர்ப்போர் பலர். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே தடை நீக்கப்பட்ட பின் விலைகள் பன்மடங்காக உயர்ந்த காலத்தில், இத்தகைய தொடர்கள் நாள்தோறும் செய்திகளில் வந்தன. 'ஆக' என்னும் இரண்டு எழுத்துகள் இருந்தால் பொருள் தெளியும், இல்லையேல் மயங்கும். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் அவசரத்தில் தமிழ் தன்னிடமுள்ள தெளிவைக் கைவிடுவது வருந்தத்தக்கது.

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். பெருக்கத் தொகைச் சொற்கள் எண்ணின் பெயர்கள் போலத் தோன்றினும், உண்மையில் அவை மக்களிடையே உள்ள உடன்படிக்கைகள். அவ்வுடன்படிக்கை தெளிவாக இருந்தவரை டசினும் அந்தரும் பயன் தந்தன. இருவேறு பொருள் வழங்கியவிடத்து, பொருளை வரையறுக்கும் வலிமை உடையவன் வென்றான். பிறமொழித் தொகைச் சொற்களை விலக்க வேண்டும் என்பது இதன் முடிபன்று. வழக்கில் வேரூன்றிய சொல்லை ஒருவரும் பிடுங்கவியலாது, பிடுங்க வேண்டியதுமில்லை. ஆனால் பொதுமக்களுக்கென எழுதும் எவரும் மில்லியனை இலட்சத்திலும் பில்லியனைக் கோடியிலும் உடன் விளக்குதலும், மடங்கை 'ஆக' என்னும் உருபோடு வரையறுத்து எழுதுதலும் கடனாகும். தமிழ் பயின்று வெளியேறும் மாணவர் பலர் நாளை அலுவலகங்களிலும் பத்திரிகைகளிலும் பள்ளிகளிலும் மொழிபெயர்ப்பாளராகவும் ஆசிரியராகவும் அமர்வர். புளியங்குளத்து உழவனும் அவன் மனைவியும் கையொப்பமிடும் தாளில் உள்ள தொகை அவர்களுக்கு விளங்குவதும் விளங்காமற் போவதும் அம்மாணவரின் எழுதுகோலில் தங்கியுள்ளது.